தேக்கின் வைரம்

வயது முதிர்ந்தும் உடல் தளராத பெரியவரைக் கண்டால், "வைரம் பாய்ந்த கட்டை" என்று சொல்லுவது நம் நாட்டு வழக்கம். இத்தொடரில் வரும் வைரம், மோதிரத்தில் பதிக்கும் கல்லன்று. மரத்தின் நடுவே காலப்போக்கில் உண்டாகும் உறுதியான பகுதிக்கு அப்பெயர். நம் முன்னோர் அதனைக் காழ் என்றும் சேகு என்றும் வழங்கினர். தொல்காப்பியர் தம் நூலின் மரபியலில், உள்ளே காழுடையவற்றை மரம் என்றும், புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும் பிரித்துக் கூறுகின்றார். அப்பிரிவின்படி பனையும் மூங்கிலும் புல். வேம்பும் தேக்கும் மரம். இக்காலத் தாவர நூலாரும் பனை, தென்னை, மூங்கில் முதலியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று கொண்டு, புல்லோடு ஒரே பெரும்பிரிவில் வைத்துள்ளனர் என்பதை மாணவர்கள் அறிவீர்கள்.

அகத்தே காழுடைய மரங்களுள் உலகப் புகழ் பெற்றது தேக்கு. அதன் வைரம் எத்தகையது, உலகம் அதனை ஏன் இவ்வளவு விரும்பிற்று, அது உண்டாவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். மூன்றாவது கேள்வி எளியதுபோலத் தோன்றும். ஆயினும் அதனை மறந்தவர்கள் காட்டையும் இழந்தார்கள், கைப்பொருளையும் இழந்தார்கள் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் மரத்தை அறிந்துகொள்வோம். தேக்கின் தாவரவியற் பெயர் டெக்டோனா கிராண்டிஸ் என்பது. நம் துளசியும் தும்பையும் சேர்ந்த குடும்பத்திலேயே தேக்கையும் இன்றைய அறிஞர் சேர்த்துள்ளனர். ஆடிப்பாடி விளையாடும் சிறுவன் பறிக்கத்தக்க தும்பைச் செடியும், நாற்பது மீட்டர் உயரம் ஓங்கத்தக்க தேக்கும் உறவினர் என்பது வியப்பன்றோ! இந்தியா, மியன்மா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளே இதன் இயற்கையான தாயகம். சாவகத் தீவில் பல நூற்றாண்டுகளாக இது வளர்க்கப்பட்டு வருகின்றது. ஆங்கிலேயர் வழங்கும் 'டீக்' என்னும் சொல் நம்முடைய 'தேக்கு' என்னும் சொல்லே. தமிழும் மலையாளமும் வழங்கும் கரையில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் அதனைத் 'தெக்கா' என்று எடுத்துக்கொண்டனர். அவர்கள் வாயிலாக அது ஐரோப்பிய மொழிகளிற் பரவியது.

தேக்கின் இலை மிகப் பெரியது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இளந்தளிரைக் கையில் வைத்துக் கசக்கினால் விரல்கள் சிவந்துவிடும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் தம் விருந்தினர்க்குத் தேக்கிலையில் உணவு படைக்கும் செய்தி வருகின்றது. அத்துணைப் பெரிய இலைகளை உடைய மரத்தின் பூவோ மிகச் சிறியது. மழைக்காலத்தில் கிளை நுனிகளில் வெண்மையான சிறு பூக்கள் பெருங்கொத்துகளாக மலரும். அவற்றிலிருந்து உண்டாகும் காய், காகிதம் போன்ற மெல்லிய உறை ஒன்றினுள்ளே இருக்கும். காயின் ஓடு மிகவும் கடினமானது. ஆதலின் விதை எளிதில் முளைப்பதில்லை. காயை நனைத்தும் உலர்த்தியும் பல முறை மாறி மாறிப் பக்குவம் செய்த பின்னரே நாற்றங்காலில் இடுவர்.

தேக்குக்கு மழையும் வேண்டும், வறட்சியும் வேண்டும். ஆண்டொன்றுக்கு 1,200 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை மழை பெய்து, பின்னர் மூன்று முதல் ஐந்து மாதம் வரை வறண்டிருக்கும் நிலத்திலே அது சிறப்பாக வளரும். வேரில் நீர் தேங்கினால் வாழாது. கோடையில் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிளைகளோடு நிற்கும். மழை தொடங்கியதும் மீண்டும் தழைக்கும். இவ்வாறு ஓய்வும் வளர்ச்சியும் மாறி மாறி வருவதால் அதன் அடிமரத்தில் ஆண்டு வளையங்கள் தெளிவாகப் பதிகின்றன. வளர்ச்சி தொடங்கும் காலத்தில் நீரை ஏற்றும் குழாய்கள் பெரியனவாகவும், பின்னர்ச் சிறியனவாகவும் அமைகின்றன. குறுக்கே அறுத்த தேக்கு அடியில் வளையந்தோறும் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள் இப்பெரிய குழாய்களே. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் இவ்வளவு தெளிவான வளையங்களைக் காண முடியாது.

இந்த வளையங்கள் வயதை மட்டுமன்றி மழையின் வரலாற்றையும் கூறுகின்றன. மழை குன்றிய ஆண்டில் வளையம் ஒடுங்கும். புணே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத்துத் தேக்குகளின் வளையங்களை அளந்து, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் பருவமழை பொய்த்த சுவடுகளை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மழைமானி இல்லாத காலத்து மழையை மரம் குறித்து வைத்திருக்கிறது.

இனி, வைரம் எவ்வாறு உண்டாகின்றது என்பதனைப் பார்ப்போம். மரப்பட்டைக்கு அடியில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. அது ஆண்டுதோறும் உட்புறமாகப் புதிய கட்டையை உண்டாக்குகின்றது. புதிய கட்டை வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும். மாவுப்பொருளைச் சேமித்தும் வைக்கும். இப்பகுதியை வெளிறு என்பர். தச்சர்கள் வெள்ளை என்பர். ஆண்டுகள் செல்லச் செல்ல, உட்புறத்தே உள்ள கட்டை நீர் ஏற்றும் தொழிலை விட்டுவிடுகின்றது. அங்குள்ள உயிரணுக்கள் இறப்பதற்கு முன், தம்மிடமிருந்த மாவுப்பொருளை வேறு பல வேதிப்பொருள்களாக மாற்றிக் கட்டையெங்கும் நிரப்பிவிட்டு மறைகின்றன. அதன்பின் அப்பகுதி நிறம் மாறிப் பொன்னிறமும் பழுப்பும் கலந்ததாக ஆகின்றது. இதுவே வைரம். வெளிறு, மரம் உயிர்வாழ உதவுவது. வைரம், மரம் வீழ்ந்த பின்னும் கெடாதிருக்க உதவுவது.

தேக்கு வன்மரம் எனப்படும். வன்மரம் என்றதும் மிகக் கடினமானது என்று பொருள் கொள்ளலாகாது. அகன்ற இலையுடைய பூக்கும் மரங்களையெல்லாம் வன்மரம் என்றும், பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும் வழங்குவது மரநூலார் மரபு. அமெரிக்காவிலிருந்து வரும் பால்சா என்னும் மரம் தேக்கின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உடையது. நகத்தால் அழுத்தினால் குழிந்துவிடும். ஆயினும் அது வன்மரமே!

அவ்வாறாயின், தேக்கு எவ்வளவு கனமானது? உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோகிராம் நிற்கும். தண்ணீர் ஒரு கன மீட்டர் 1,000 கிலோகிராம். ஆகவே உலர்ந்த தேக்கு மிதக்கும். கறுப்பு நிறமுள்ள கருங்காலியின் வைரமோ நீரைவிடக் கனமாகி அமிழ்ந்துவிடும். வலிமையிலும் தேக்கு முதலிடம் பெற்றதன்று. டேராடூனில் 1906-இல் தோன்றிய வன ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய மரங்களின் குணங்களை ஒப்பிடும்பொழுது, தேக்கின் ஒவ்வொரு குணத்துக்கும் 100 என்று மதிப்பிட்டுக்கொண்டு, பிற மரங்களுக்கு அதனோடு ஒப்பிட்டு எண் வழங்கினர். உத்தரமாக நின்று பாரம் தாங்கும் வலிமையில் சாலமரம் 100-க்கு மேற்பட்ட எண்ணைப் பெறுகின்றது. கடினத்திலும் தேக்கை விஞ்சும் மரங்கள் நம் நாட்டில் உள்ளன.

கனத்திலும் வலிமையிலும் கடினத்திலும் தனக்கு மேம்பட்டவை இருக்க, தேக்கு அளவுகோலாக வைக்கப்பட்டது ஏன்? தேக்கு, வைத்தது வைத்தபடி இருக்கும் மரம் என்பதே அதற்குரிய விடை.

மரம் ஈரத்தை இழந்தால் சுருங்கும். ஈரத்தைப் பெற்றால் விரியும். ஐப்பசி மாதத்தில் மூட முடியாமல் இறுகிய கதவு, சித்திரையில் சந்து விட்டுத் தொங்குவதைப் பல வீடுகளில் காண்கிறோம். பச்சைத் தேக்கை அறவே உலர்த்தினால், வளையங்களுக்குக் குறுக்காக 2.5 விழுக்காடு அளவும், வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 6 விழுக்காடு அளவும் சுருங்கும். பல மரங்களில் இவ்விரண்டாவது எண் 8, 10 வரை செல்லும். சுருக்கம் குறைவாக இருப்பதனால் தேக்குப் பலகை எளிதில் கோணுவதில்லை, வெடிப்பதில்லை. நூறாண்டுக்கு முன் பொருத்திய இணைப்பு இன்றும் பொருந்தியிருப்பதற்குக் காரணம், தச்சருடைய கைத்திறனோடு மரத்தின் இவ்வடக்கமுமாகும்.

இரண்டாவது குணம், கெடாமை. தேக்கின் வைரத்தைத் தடவிப் பார்த்தால் நெய்ப்பசை போன்ற ஒரு மழமழப்பு விரலில் தெரியும். புதிதாக இழைத்தால், பதனிட்ட தோலின் மணத்தை ஒத்த ஒரு மணம் வீசும். வைரத்தில் டெக்டோகுவினோன் என்னும் பொருளும், அதனைச் சார்ந்த வேறு பொருள்களும், இரப்பரை ஒத்த ஒரு பொருளும் உள்ளன. இவற்றுட் சில கறையானுக்கும் காளானுக்கும் பகை. சில நீரை உட்புக விடாதவை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இப்பொருள்கள் வைரத்திலேதான் நிரம்பியுள்ளன. தேக்கின் வெளிறு பிற மரங்களின் வெளிறு போலவே எளிதில் செல்லரித்துவிடும்.

மூன்றாவது குணம், இரும்போடு இணங்கி வாழ்வது. ஐரோப்பியர் கப்பல் கட்டிய ஓக் என்னும் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப்பொருள் மிகுதியாக உண்டு. ஈரம் பட்டால் அது இரும்பாணியை அரிக்கும். அரித்த ஆணியைச் சுற்றி மரமும் கறுத்துக் கெடும். தேக்கில் அறைந்த இரும்பாணிக்கு அத்தகைய தீங்கு நேர்வதில்லை. நான்காவது குணம், நீர்த்த அமிலங்களைத் தாங்குவது. வேதியியல் ஆய்வுக்கூடங்களின் மேசைப் பலகைகளைத் தேக்கினால் செய்தது இதுபற்றியே. நம் பழைய பள்ளிகள் சிலவற்றில் அத்தகைய மேசைகளை இன்றும் காணலாம்.

குணங்களைக் கூறினால் குறைகளையும் கூறவேண்டும். தேக்கில் மணற்சத்தாகிய சிலிக்கா கலந்திருப்பதால் வாளும் இழைப்புளியும் விரைவில் மழுங்கும். தச்சர் அடிக்கடி சாணை பிடிக்க நேரும். அதன் அறுப்புத்தூள் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். நெய்ப்பசை மிகுந்த பலகையில் பசை சரியாகப் பிடிப்பதற்கு, இழைத்தவுடனே ஒட்டவேண்டும். இவை தவிர, கருவிக்கு நன்கு இடங்கொடுத்து, நுண்ணிய செதுக்கு வேலைக்கும் உதவும் மரம் இது.

இக்குணங்களை எண்ணிப் பார்த்தால், இதன் பயன்கள் தாமே விளங்கும். வாயில் நிலை, கதவு, சன்னற்சட்டம், தூண், உத்தரம், ஊஞ்சற்பலகை, பெட்டி, நாற்காலி எல்லாவற்றிற்கும் இது ஏற்றது. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் வாணிகம் செய்து சிறந்த நாட்களில், அங்கிருந்து தேக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து தம் ஊர்களில் மாளிகைகள் கட்டினர். அவ்வீடுகளின் தூண்களும் செதுக்கு நிலைகளும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. இரயில் பெட்டிகளைத் தேக்குப் பலகையினால் கட்டிய காலமும் ஒன்று இருந்தது. இவை எல்லாவற்றினும் பெரும்பயன் கப்பல் கட்டுதலே ஆகும்.

சூரத்திலிருந்து 1736-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்த லௌஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சிச் சிற்பியும் அவர் வழிவந்தோரும், அங்குள்ள கப்பற்கூடத்தில் தேக்கினால் சிறந்த கப்பல்களைக் கட்டினர். இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்ட காலத்தில், ஆங்கிலக் கடற்படைக்கு வேண்டிய போர்க்கப்பல்களும் பம்பாயிலே கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 1817-இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' என்னும் கப்பல். மலையாளக் கரைத் தேக்கினால் ஆகிய அது, இருநூறாண்டு கடந்தும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. பின்னர் இரும்புக் கவசக் கப்பல்கள் வந்தபொழுதும் தேக்கு விடைபெறவில்லை. 1860-இல் கடலில் இறக்கப்பட்ட 'வாரியர்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில், நாலரை அங்குல இரும்புத் தகட்டின் பின்னே 18 அங்குலத் தேக்கு வைத்துக் கவசம் அமைத்தனர். இரும்பை அரிக்காத குணம் அங்கே பயன்பட்டது.

கப்பல்கள் பெருகின, காடுகள் சுருங்கின. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1806-ஆம் ஆண்டில் கப்டன் வாட்சன் என்பவரை மலையாளக் காடுகளுக்குக் காப்பாளராக நியமித்தனர். காப்பாளர் என்பது பெயர். கம்பெனிக்கே தேக்கு முழுதும் உரியது என்று ஆக்கி, கப்பற்கூடத்துக்கு இடையறாது மரம் அனுப்புவதே அவர் தலையாய பணியாக இருந்தது. காட்டுக்கு உரியவர்களும் மர வணிகர்களும் குடியானவர்களும் அல்லலுற்றனர். முறையீடுகள் மிகுந்தன. சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1823-இல் அவ்வேற்பாட்டை ஒழித்தார். அதன்பின் கட்டுப்பாடின்றி வெட்டு நடந்தது. கம்பெனி வெட்டினாலும் வணிகர் வெட்டினாலும் நட்டவர் எவரும் இலர். ஆகவே, எட்டும் இடங்களில் இருந்த பெருமரங்கள் மறைந்தன.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாய், 1956-க்குப் பின் கேரள மாநிலத்தைச் சேர்ந்ததாய் உள்ள மலபார் மாவட்டத்தில் கனோலி என்பவர் கலெக்டராக இருந்தார். வெட்டிய இடத்தில் நடவேண்டும் என்று அவர் துணிந்து, 1840-களின் தொடக்கத்தில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முற்பட்டார். விதைகள் முளைக்கவில்லை. முதல் முயற்சிகள் வீணாயின. பின்னர் அப்பணியை ஏற்ற சாத்து மேனன் என்னும் அதிகாரி, விதையைப் பக்குவம் செய்து நாற்று வளர்த்து நடும் முறையை நிலைநாட்டினார். பல ஆண்டுகள் அக்காட்டிலே உழைத்துப் பல இலட்சம் கன்றுகளை நட்டார். 1846-இல் நட்ட தோட்டத்தில் சுமார் இரண்டேகால் எக்டேர் பரப்பு இன்றும் வெட்டாமல் காக்கப்பட்டு வருகின்றது. சாலியாற்றின் கரையில் உள்ள அப்பகுதிக்குக் கனோலித் தோட்டம் என்பது பெயர். தேக்குக்கென்று ஓர் அருங்காட்சியகமும் நிலம்பூரில் 1995 முதல் இருந்து வருகின்றது.

கனோலி 1855-இல் கோழிக்கோட்டில் கொலையுண்டு இறந்தார். 1846-இல் நட்ட கன்றுகளுக்கு அப்போது ஒன்பதே வயது. அவர் வைரம் பாய்ந்த மரத்தைக் காணவில்லை. இன்னொன்றும் எண்ணத்தக்கது. கப்பலுக்கு மரம் வேண்டும் என்றே அத்தோட்டத்தைத் தொடங்கினர். ஆனால், கன்றுகள் மரமாவதற்குள் உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது. எண்ணிய பயன் ஒன்று. விளைந்த பயன் வேறு. வீடுகளுக்கும் பாலங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் அம்மரங்கள் உதவின. வெட்டிய இடத்தில் நட்டுக் காட்டைப் பேணலாம் என்னும் பாடத்தையும் கற்பித்தன.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. பொள்ளாச்சிக்கு அப்பால் ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்னும் இடம் இருக்கின்றது. மலையுச்சியிலிருந்து தேக்கு அடிகளைக் கீழே சறுக்கி விட்டதனால் அதற்கு அப்பெயர் வந்தது. பல ஆண்டு வெட்டினால் வறிதாகிப்போன அக்காட்டுக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி வந்தார். வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மீண்டும் தளிர்க்கும் என்பதனைக் கொண்டு அவர் வெட்டுமுறையைத் திருத்தினார். புதிய தேக்குகளையும் வளர்த்தார். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் குழியிட்டுத் தேக்கு விதையைப் போட்டுச் செல்வார் என்று அவரைப் பற்றி இன்றும் கூறுவர். அவர் 1933-இல் காலமானார். அக்காட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 'நினைவுச் சின்னம் காண விரும்பினால் சுற்றிலும் பார்' என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அவர் கல்லறையில் உள்ளது.

பர்மாவிலோ, ஒரு தனிமுறை இருந்தது. பச்சைத் தேக்கு அடி ஆற்றில் அமிழ்ந்துவிடும். ஆகவே, மரத்தின் அடியில் பட்டையையும் வெளிறையும் சுற்றிலும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிடுவர். பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஆற்றுக்கு இழுத்து, தெப்பங்களாகக் கட்டி ஐராவதி ஆற்றில் இரங்கூனுக்கு மிதக்கவிடுவர். அக்காடுகளும் காலப்போக்கில் மெலிந்தன. தாய்லாந்து 1989-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. மியன்மா 2014-இல் அறுக்காத அடிமரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. ஆகவே கானா, பனாமா, ஈகுவடார் முதலிய தொலைநாட்டுத் தோட்டங்களின் தேக்கும் நம் மரக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

அரிதாகிய பொருளின்மேல் ஆசை எழுவது இயல்பு. 1990-களில் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் தேக்குத் தோட்ட விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வெளிவந்தன. ஆயிரக்கணக்கில் கட்டினால் இருபது ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்பது அவற்றின் சாரம். மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் என்று சேர்த்த பணத்தை எத்தனையோ குடும்பத்தினர் கொடுத்தனர். பல திட்டங்களில் மரமும் வளரவில்லை, பணமும் திரும்பவில்லை. இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களை ஒழுங்கு செய்வதற்குச் செபி என்னும் பங்கு பரிவர்த்தனை வாரியம் 1999-இல் விதிமுறைகளை வகுத்தது.

அவ்விளம்பரங்களை நம்பியவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டிருந்தால் தயங்கியிருப்பார்கள். மாணவர்கள் அதனை இப்பொழுதே போட்டுப் பாருங்கள். ஓர் இளந்தேக்கின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றும், அதனைச் சுற்றிலும் வெளிறு 3 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். வைரத்தின் குறுக்களவு 14 சென்டிமீட்டர். வட்டத்தின் பரப்பு குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறுமாதலால், 14-இன் இருமடியை 20-இன் இருமடியால் வகுக்க, 49 விழுக்காடு வரும். அதாவது, அம்மரத்தில் பாதி வெளிறு. குறுக்களவு 60 சென்டிமீட்டர் உள்ள முதிர்ந்த மரத்திலும் வெளிறு அதே 3 சென்டிமீட்டர் என்று கொண்டால், வைரம் 81 விழுக்காடு ஆகும். அதுவுமன்றி, இளமரத்தின் வைரத்தில் கறையானைத் தடுக்கும் பொருள்கள் முதிர்ந்த மரத்தில் உள்ள அளவு செறிந்திருப்பதில்லை. அரசினர் தோட்டங்களில் தேக்கை 50 முதல் 80 ஆண்டு வரை வளரவிடுவது இதனாலேயே.

இங்கே ஒரு நீதியும் செய்யவேண்டும். விரைந்து வளர்ந்த தேக்கு வலிமையற்றது என்று சொல்லுவது தவறு. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் சோதித்தபோது, இளந்தோட்டத் தேக்கு பாரம் தாங்குவதில் பெரிதும் பின்தங்கவில்லை என்று கண்டனர். நாற்காலிக்கும் மேசைக்கும் அது உதவும். மழையும் கறையானும் தீண்டும் இடத்துக்கு வைத்தால்தான் குறை வெளிப்படும். பொருள் கெட்டதன்று, இளம்பொருளை முதிர்ந்த பொருளின் விலைக்கு விற்பதே கெட்டது.

வீட்டுக்கு நிலை வாங்கச் செல்லும் பெரியோருடன் நீங்கள் செல்ல நேர்ந்தால், பலகையின் முகத்தை மட்டும் பாராமல் முனையையும் பாருங்கள். பொன்பழுப்பான வைரம் எவ்வளவு, வெளுத்த ஓரம் எவ்வளவு என்பது அங்கே தெரியும். சாயம் பூசிய பலகையானால் ஓரிடத்தில் இழைத்துக் காட்டச் சொல்லி நிறத்தையும் மணத்தையும் அறியுங்கள். பெயரிலும் விழிப்பு வேண்டும். ஆப்பிரிக்கத் தேக்கு என்று விற்கப்படுவது, அந்நாட்டில் நட்ட உண்மைத் தேக்காகவும் இருக்கலாம். இரோக்கோ என்னும் வேறொரு மரமாகவும் இருக்கலாம். அதுவும் நல்ல மரமே, ஆனால் தேக்கன்று.

தேக்கு நடுவது நல்லது என்பதனால் எங்கும் தேக்கையே நடவேண்டும் என்று கருதலாகாது. பலவகை மரங்கள் நிறைந்த இயற்கைக் காட்டை அழித்து அங்கே தேக்கை மட்டும் வரிசையாக நட்ட காலமும் உண்டு. அத்தகைய தோட்டம் காடு போலத் தோன்றும். ஆனால் காட்டின் பல்லுயிர்களுக்கு அங்கே உணவும் உறைவிடமும் குறைவு. ஒரே இனம் நெருங்கி நிற்கும் இடத்தில் இலை தின்னும் புழு பெருகி, மழைக்காலத் தொடக்கத்தில் தோட்டம் முழுவதையும் மொட்டையடித்துவிடுவதும் உண்டு. ஆகவே, இருக்கும் காட்டைக் காட்டாகவே விட்டு, வரப்பிலும் தோப்பிலும் கால்வாய்க் கரையிலும் தேக்கை வளர்ப்பதே சிறப்பு. காவிரிப் பாசனப் பகுதியின் கால்வாய்க் கரைகளில் வனத்துறையினர் வளர்த்த தேக்கு வரிசைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் காட்டில் கன்னிமாராத் தேக்கு என்னும் பெருமரம் ஒன்று நிற்கின்றது. அதன் அடிமரச் சுற்றளவு சுமார் ஏழு மீட்டர். பலர் கைகோத்து நின்றால்தான் அதனைச் சுற்றி வளைக்க முடியும். கோடரியிலிருந்து தப்பியதனால் அது அவ்வளவு பருத்தது. கப்பற்கூடம் கேட்ட வேகத்துக்கோ, விளம்பரம் சொன்ன ஆண்டுக்கோ தேக்கு தன் வைரத்தைத் தந்ததில்லை. உரத்தால் உயரத்தை விரைவுபடுத்தலாம். நீரால் பருமனை விரைவுபடுத்தலாம். வெளிறு வைரமாவதற்கு ஆண்டுகள் கழியவேண்டும்.

இன்று பள்ளி விழாவில் நீங்கள் நடும் தேக்கங்கன்றுக்கு அறுபது வயது நிரம்பும்போது, உங்களுக்கு எழுபது வயது கடந்திருக்கும். அதன் நிழலில் உங்கள் பேரர் அமர்வர். அதன் பலகையில் அவர் மக்கள் கதவு செய்வர். அவர்களுக்காக அக்கன்றுக்கு முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் வேலியிட்டுக் காப்பது இப்பொழுது உங்கள் கையில் இருக்கின்றது.